நோயாளியின் கைக்கும் ஒரு வேலை வேண்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

நீரிழிவு, பாரிசவாதம், சிறுநீரக நோய், இருதயப் பலவீனம், மூட்டுவாதம் என்று வருடக்கணக்காக வீட்டோடு இருப்பவர்களைப் பற்றிப் பேசும்போது மருந்து, சாப்பாடு, கிளினிக் திகதி என்ற மூன்றோடு பேச்சு முடிந்துவிடுகிறது. காலை எட்டு மணிக்கு வீட்டிலுள்ளவர்கள் வயலுக்கும் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் புறப்பட்ட பிறகு, பின்னேரம் நாலு மணி வரைக்கும் அந்த மனிதர் என்ன செய்வார் என்று யாரும் கேட்பதில்லை. "சும்மா படுங்கம்மா, ஒண்டும் செய்ய வேணாம்" என்று அன்பாகத்தான் சொல்கிறோம். ஆனால் பகலெல்லாம் கண்ணயர்ந்தவருக்கு இரவில் நித்திரை வராது. நித்திரை இல்லாவிட்டால் நோ கூடும், நோ கூடினால் மறுநாளும் படுக்கைதான். இந்தச் சுற்றை உடைக்கப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் எந்த வீட்டிலும் செய்யக்கூடிய சிலவற்றை, செய்முறையோடும் பிழைக்கும் இடங்களோடும் இங்கே எழுதுகிறோம்.

வேலையைத் தெரிவுசெய்ய ஒரு கேள்வி போதும். இதை இந்த நிமிடமே கீழே வைத்துவிட்டு மூன்று நாள் கழித்து எடுத்தால் கெட்டுப்போகுமா? கெடும் என்றால் அது நீண்டகால நோயாளிக்கு ஏற்ற வேலை அல்ல. பெருநாளைக்கென்று வாங்கிய சட்டைத் தையல், அடுப்பில் கிண்டும் பலகாரம், நாள் குறித்துக் கொடுக்கும் ஓடர் எல்லாம் இதில் தோற்கும். உடம்பு சுகமான நாளில் தொடங்கிவிட்டு, முடியாத நாளில் தவணைக்குப் பயந்து செய்து, அடுத்த நான்கு நாளும் எழும்ப முடியாமல் கிடப்பவர்கள் பலர். நல்ல நாளில் உடம்பு எவ்வளவு தாங்கும் என்று தோன்றுகிறதோ அதில் பாதியில் நிறுத்தப் பழக வேண்டும். போனில் 15 நிமிடத்துக்கு மணி வைத்து, களைப்பு வரும் முன்னரே கையை எடுக்க வேண்டும். களைத்த பின் எடுக்கும் ஓய்வு நீண்டுபோகும்.

நேரமும் நோயைப் பொறுத்தது. மூட்டுவாதக்காரருக்கு விடியற்காலையில் விரல்கள் விறைத்திருக்கும். ஆறு மணிக்குக் கொடுக்கும் ஊசிநூலைப் பத்து மணிக்குக் கொடுத்தால் அதே விரல் வேலை செய்யும். சலம் போகும் மாத்திரை, அதுதான் பியூரோசமைட், எடுப்பவர் அடுத்த இரண்டு மூன்று மணித்தியாலம் அடிக்கடி எழும்ப வேண்டியிருக்கும், அந்த நேரத்தில் மடியில் எதையும் பரப்பக்கூடாது. சிறுநீரக நோயாளி இரத்தச் சுத்திகரிப்புக்குப் போய்வந்த நாள் கணக்கில் இல்லை, அன்றைக்கு வானொலி போதும். மறுநாள் காலைதான் அவருடைய நேரம். இன்சுலின் போடுபவர் வேலையில் மூழ்கிச் சாப்பாட்டு நேரத்தை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. கை நடுங்கினால், வியர்த்தால் இரத்தத்தில் சீனி இறங்கிவிட்டது என்று கொண்டு, வேலையை வைத்துவிட்டுச் சீனி சாப்பிட வேண்டும். இரண்டு மேசைக்கரண்டி சீனி கொண்ட சிறு டப்பா பக்கத்திலேயே இருக்கட்டும். கச்சான் அடிக்கும் ஆனி, ஆடி மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே 12 மணி தொடக்கம் 3 மணி வரை யாருக்கும் எதுவும் ஓடாது. அந்த மாதங்களில் வேலையைக் காலைக்கு மாற்றுவதைத் தவிர வழியில்லை.

அடுத்தது இடம். கட்டிலில் சாய்ந்திருப்பவருக்கு மடிமேசை வேண்டும். கடையில் கிடைக்கும் தடித்த கடதாசிப் பெட்டியைக் கவிழ்த்து, நீளப் பக்கம் இரண்டிலும் கால் போகும் அளவுக்கு வளைவாக வெட்டினால் மேசை தயார். தொடைக்கு மேல் நான்கு விரல் இடைவெளி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கால் மரத்துப்போகும். மேல்விளிம்பில் இரண்டு சென்ரிமீற்றர் உயரத்துக்கு அட்டை ஒட்டிவிட்டால் பேனையும் ஊசியும் உருண்டு விழாது. விழுந்ததைக் குனிந்து எடுப்பதுதான் இருதய நோயாளிக்கும் தலைசுற்றுக்காரருக்கும் பெரிய ஆபத்து. பேனையைப் பிடிக்க முடியாத விரலுக்குச் சைக்கிள் ரியூப் துண்டைச் சுற்றிச் சுற்றிக் கட்டைவிரல் பருமனுக்குக் கொண்டுவர வேண்டும். வெளிச்சம் வலக்கைக்காரருக்கு இடது தோளுக்குப் பின்னாலிருந்து வர வேண்டும். எதிரே யன்னல் இருந்தால் கண் கூசும், எழுத்து கறுக்கும். தானாகப் புரள முடியாதவரை, அவர் எவ்வளவு ஆர்வமாக இருந்தாலும், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பித்தான் ஆக வேண்டும்.

இனி வேலைகள். முதலாவதாக மழைமானியைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அது ஒரு நாளைக்கு ஒரு நிமிடம்தான் கேட்கும். ஆனால் அந்த ஒரு நிமிடத்துக்காக நோயாளி காலையில் எழும்பிக் காத்திருப்பார். ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலில், வளைவில்லாத நேரான பக்கமுள்ளதாகப் பார்த்து எடுத்து, கழுத்துச் சரிவு முடிந்து நேர்ப்பகுதி தொடங்கும் இடத்தில் சுற்றிவர வெட்ட வேண்டும். வெட்டிய கழுத்துத் துண்டை மூடி கழற்றித் தலைகீழாக உள்ளே செருகினால் அதுவே புனல். வாயின் அகலமும் உள்ளே தண்ணீர் நிற்கும் இடத்தின் அகலமும் ஒன்றாக இருந்தால்தான் அளவு சரியாக வரும். இடையில் ஒடுங்கிய போத்தல் பொய் சொல்லும். அடுத்த சிக்கல் அடிப்பகுதி. சோடாப் போத்தலின் அடி ஐந்து கால் வைத்து மேடும் பள்ளமுமாக இருக்கும். கூழாங்கல் போட்டு நேர்ப்பகுதி வரை தண்ணீர் விட்டு அதைப் பூச்சியம் என்று வைப்பது வழக்கமான முறை. எங்கள் பக்கத்தில் அதைச் செய்ய வேண்டாம். அந்தத் தண்ணீர் வெயிலில் வற்றி அளவைக் கெடுக்கும், கல்லிடுக்கில் டெங்கு நுளம்பும் முட்டையிடும். கூழாங்கல்லுக்கு மேல் சீமெந்துக் குழம்பு ஊற்றி மட்டமாக இறுகவிட்டால் இரண்டு தொல்லையும் இல்லை. சீமெந்தின் மேற்பரப்பே பூச்சியம். அங்கிருந்து அடிமட்டத்தை வைத்து மில்லிமீற்றர் கோடுகளை அழியாத மையால் போட்டு, மேலே தெளிவான ரேப் ஒட்டிவிட வேண்டும்.

மண் நிரப்பிய வாளிக்குள் போத்தலைப் பாதி புதைத்து, வாய் சாயாமல் முற்றத்தில் வைக்க வேண்டும். பக்கத்திலுள்ள தென்னையோ மதிலோ எவ்வளவு உயரமோ, அதைப்போல இரண்டு மடங்கு தள்ளி வைப்பது நல்லது. மரத்தடியில் வைத்தால் சொட்டும் தண்ணீரையும் சேர்த்து அளப்போம். வாசிப்பு காலை 8.30க்கு. வளிமண்டலவியல் திணைக்களம் நாள் மழையைக் கணக்கிடும் நேரமும் அதுதான், ஆகவே செய்தியில் வரும் அளவோடு ஒப்பிடலாம். பேரப்பிள்ளை போத்தலைக் கொண்டுவந்து காட்டலாம், கொப்பியில் எழுதுவது நோயாளியின் வேலை. மழை இல்லாத நாளை வெறுமையாக விடாமல் 0 என்று எழுத வேண்டும், வெற்றிடம் பார்க்காத நாளுக்கு. எழுதியதும் போத்தலை ஊற்றிவிட வேண்டும். கார்த்திகை, மார்கழி அடைமழையில் ஒரே இரவில் போத்தல் நிரம்பி வழிந்துவிடலாம், அந்த நாட்களில் பின்னேரமும் ஒருமுறை பார்த்து ஊற்றி இரண்டையும் கூட்ட வேண்டும். ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு சதுர மீற்றருக்கு ஒரு லீற்றர் தண்ணீர். ஆயிரம் சதுர அடிக் கூரையில் 10 மில்லிமீற்றர் விழுந்தால் ஏறத்தாழ 930 லீற்றர். இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினால் வீட்டிலுள்ள பிள்ளைகளும் கொப்பியைத் தேடி வருவார்கள். கல்லடியில் கொட்டும்போது கொக்கட்டிச்சோலையில் வெயில் எறிக்கும் நாட்கள் உண்டு. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் ஒருவரும் மேற்கே படுவான்கரையில் ஒருவரும் அளந்து ஒருவருக்கொருவர் போனில் சொன்னால், வயல்காரர்கள் இவர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலை வரும். நோயாளியிடம் சுகம் விசாரிக்க மட்டுமே வருபவர்கள் வேறொன்றைக் கேட்க வருவது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதைப் பராமரிப்பவர்கள் அறிவார்கள்.

பன் புல்லும் பனையோலையும் எங்கள் பக்கத்தின் பழகிய கைவேலை. முழுப் பாய்க்கு நிலத்தில் குந்த வேண்டும், அது இவர்களுக்குச் சரிவராது. மடிமேசையில் அடங்கும் சட்டி விரிப்புப் போதும். ஒரு சென்ரிமீற்றர் அகலத்தில் 26 சென்ரிமீற்றர் நீள இழை 40 எடுத்து, இருபது நெடுக்கு, இருபது குறுக்காக ஒன்று விட்டு ஒன்று மேலும் கீழுமாக நடுவிலிருந்து பின்னினால் 20 சென்ரிமீற்றர் சதுரம் வரும். நான்கு பக்கமும் மிஞ்சும் மூன்று சென்ரிமீற்றரைப் பின்னால் மடித்துச் செருக வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் கடைசி வரியில் கோணிப்போகும். இழையை ஈரத் துணியில் அரை மணித்தியாலம் சுற்றி வைத்தபின் எடுக்க வேண்டும். காய்ந்த இழை மடிப்பில் வெடிக்கும், நனைத்து ஊறவிட்டது மாரியில் கறுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். நிறுத்தும்போது நான்கு மூலையிலும் உடுப்புக் கிளிப் போட்டுவிட்டால் ஒரு மாதம் கழித்தும் அதே இடத்திலிருந்து தொடரலாம். ஓலை விளிம்பு கத்தி மாதிரி வெட்டும். விரல் நுனி மரத்த நீரிழிவுக்காரருக்கு வெட்டியது தெரியாது, இரத்தம் உறைவதைக் குறைக்கும் வாபரின் குடிப்பவருக்கு இரத்தம் இலேசில் நிற்காது. இவர்களுக்கு ஓலை வேண்டாம், அதே பின்னலைத் துணி நாடாவில் செய்யலாம். இரத்தச் சுத்திகரிப்புக்காகக் கையில் நாளம் இணைத்தவர்கள் அந்தக் கையை மேசை விளிம்பில் அழுத்தி வைக்கக்கூடாது, இழுத்து இறுக்கும் வேலையை மற்றக் கைக்குக் கொடுக்க வேண்டும்.

பாரிசவாதம் வந்த ஆண்கள் கைவேலை என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வதைக் காண்கிறோம். அவர்களுக்கு முந்நூற்று நாலு என்ற சீட்டாட்டத்தைத் திருப்பிக் கொடுங்கள். இது நேரம் போக்கும் சீட்டு மட்டுமல்ல. ஜாக் 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2 என்று ஒரு நிறத்துக்கு 76, நான்கு நிறத்துக்கும் 304. விழுந்த சீட்டை நினைவில் வைத்து மனதிலேயே கூட்டிக்கொண்டு போக வேண்டிய ஆட்டம். நோயால் மங்கிய கவனத்துக்கு இதைவிட விருப்பமான பயிற்சி கிடைக்காது. ஒரு கையால் எட்டுச் சீட்டை விரித்துப் பிடிக்க முடியாது என்பதால்தான் அவர்கள் விலகிப் போகிறார்கள். உடுப்புக்குப் போடும் பிரஷை மயிர் மேலே பார்க்கக் கவிழ்த்து வைத்து, மயிருக்கிடையில் சீட்டுகளைக் குத்தி நிறுத்துங்கள். மயிர் நெருக்கமான பிரஷாக இருக்க வேண்டும், தேய்ந்ததில் சீட்டு சரியும். பின்னால் ஒரு புத்தகத்தை நிறுத்தினால் எதிரில் இருப்பவருக்குத் தெரியாது. மூளையின் வலப்பக்கம் தாக்கப்பட்ட சிலர் இடப்பக்கத்தில் இருப்பதைக் கண் தெரிந்தும் கவனிக்க மாட்டார்கள், இடப்பக்கச் சீட்டு இருந்தும் இல்லை என்று ஆடுவார்கள். அதைப் பொய்யாட்டம் என்று சண்டை பிடிக்க வேண்டாம். மேசையின் இட விளிம்பில் ஒரு சிவப்பு நாடா ஒட்டி, ஒவ்வொரு முறையும் "சிவப்பு தெரியும் வரைக்கும் பாருங்க" என்று சொல்லிக் கொடுத்தால் போதும். நாலு பேர் சேராத நாளில் ஆட்டம் இல்லை என்பது இதன் ஒரே குறை.

வாசிப்பவர்களுக்குப் போன் இருந்தால் ஒரு நூல்நிலையமே கையில் இருக்கிறது. 2005 இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகத்தில் இலங்கைத் தமிழ் நூல்கள், பழைய சஞ்சிகைகள், பத்திரிகைகள், கோயில் மலர்கள், பாடசாலை மலர்கள் இலவசமாக இருக்கின்றன. தங்கள் ஊர்ப் பெயரைத் தட்டித் தேடச் சொல்லுங்கள். நாவலை இரண்டு பக்கத்தில் மூடிவிடுபவர் தான் படித்த பாடசாலையின் மலரை விடமாட்டார். பக்கங்கள் படமாக வருடப்பட்டவை, ஆகவே கோப்பு பெரிதாக இருக்கும். வைஃபை உள்ள வீட்டில் இறக்கி வைத்துக்கொள்வது டேட்டாவுக்கு நல்லது. படுத்துக்கொண்டு முகத்துக்கு மேலே போனைப் பிடிப்பவருக்குப் பெருவிரலும் கழுத்தும் நோகும். ஒருக்களித்துப் படுத்து, அரிசி நிரப்பிய சிறு துணிப்பையில் போனைச் சாய்த்து வையுங்கள். கண் பார்வை குறைந்தவர்களுக்கு ஒலிதான் வழி. காணொளியை விட ஒலியில் செலவும் குறைவு: பேச்சு மட்டும் உள்ள ஒலிப்பதிவு சாதாரணத் தரத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு 30 மெகாபைட் அளவில் முடிந்துவிடும்.

எழுத்து வேலையில் பழகிய ஓய்வுபெற்ற ஆசிரியர், கிராம சேவகர், இலிகிதர் போன்றோருக்குத் தமிழ் விக்கிமூலம் என்ற இணைய நூலகத்தை மனமாரப் பரிந்துரைக்கிறோம். பழைய நூல்களை வருடிய படம் ஒருபக்கம், கணினி தானாக வாசித்த எழுத்து மறுபக்கம் இருக்கும். படத்தைப் பார்த்து எழுத்தைத் திருத்துவதே வேலை. துணைக்காலை 'ர' என்று கணினி வாசித்துவிடும், ஒற்றுப்புள்ளி விடுபடும், எகரமும் ஏகாரமும் மாறும். ஒரு பக்கம் திருத்தியதும் சிவப்பாக இருந்த குறியை மஞ்சளாக்கிச் சேமிக்க வேண்டும், இன்னொருவர் சரிபார்த்துப் பச்சையாக்குவார். ஒரே ஆள் இரண்டையும் செய்ய முடியாது என்பதால் பிழை விட்டால் என்ன ஆகும் என்ற பயம் வேண்டாம். அரைப் பக்கத்தில் களைத்தால் சிவப்புக் குறியிலேயே சேமித்துவிட்டுப் படுக்கலாம், அது காத்திருக்கும். சிறிய போன் திரையில் படமும் எழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் தெரியாது, டெப் அல்லது பழைய லெப்டொப் வேண்டும். தட்டச்சு முடியாதவர் விசைப்பலகையின் குரல் உள்ளீட்டில் தமிழ் (இலங்கை) என்பதைத் தெரிவுசெய்து பேசலாம். ஆனால் பேச்சுவழக்கை அது தடுமாறித்தான் பிடிக்கும், வாசிப்பது போல நிறுத்திச் சொல்ல வேண்டும்.

எழுத வாசிக்கத் தெரியாத முதியவர்களிடம் எழுத்தில் இல்லாதது இருக்கிறது. வடமோடி, தென்மோடிக் கூத்துப் பாட்டுகளான தருக்கள், கண்ணகி அம்மன் குளிர்த்திக் காலத்தில் பாடுபவை, முஸ்லிம் பெண்களின் கவிகள், தாலாட்டு, வயலில் சூடு போடும்போது பாடியவை. போனிலுள்ள ஒலிப்பதிவுச் செயலி போதும். ஒரு சாண் தூரத்தில், வாய்க்கு நேரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் மூச்சு மோதாது. பதிவு கெடுவதற்கு முதற்காரணம் மின்விசிறி, இரண்டாவது பதிவின் நடுவில் வரும் அழைப்பு. ஒன்றை நிறுத்துங்கள், மற்றதற்கு விமானப் பயன்முறை போடுங்கள். முதலில் பாடுபவரின் பெயர், ஊர், திகதி சொல்லிவிட்டுத் தொடங்க வேண்டும். இளைப்புக்காரர் முழுப் பாட்டையும் ஒரே மூச்சில் பாட வேண்டியதில்லை, இரண்டு வரி பாடி நிறுத்தலாம், ஒவ்வொன்றையும் எண் போட்டுச் சேமித்தால் சரி. மறந்த வரிக்கு அவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள், இரவு இரண்டு மணிக்கு அது தானாக ஞாபகம் வரும். தலையணைக்குப் பக்கத்தில் போன் இருக்கட்டும். அன்றன்றே இன்னொரு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள், போன் பழுதானால் குரலும் போய்விடும்.

செடி வளர்ப்பதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, அது எல்லாருக்கும் தெரியும். யன்னலோரத் தட்டில் வெந்தயம் ஒரு வாரத்தில் கண்ணுக்குத் தெரிய வளரும். தொட்டிக்குக் கீழே தட்டில் தண்ணீர் தேங்கவிடக்கூடாது. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றுபவர் மண்ணை வெறுங்கையால் தொடக்கூடாது. சிறுநீரக நோயாளி வளர்ப்பதையெல்லாம் சாப்பிடவும் முடியாது, கீரையில் பொட்டாசியம் அதிகம். இதோடு ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அவர்களைப் பார்க்கப் போகிறவர்கள் இளநீர்க் குலையோடு போகாதீர்கள். அதிலும் அதே பொட்டாசியம்தான். ஒரு சீட்டுக்கட்டோ பெரிய கொப்பியோ கொண்டுபோகலாம், இருபது நிமிடத்தில் எழும்பியும் விடலாம்.

எதிலும் மனம் செல்லாத நாட்கள் வரும். அன்றைக்கு எதையும் கையில் திணிக்காதீர்கள். ஆனால் இரண்டு கிழமைக்கு மேல் விருப்பமானது எதுவும் பிடிக்காமல், நித்திரையும் சாப்பாடும் குறைந்து இருந்தால் அது சோம்பலும் அல்ல, வயதும் அல்ல. அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

கடைசியாகத் தங்களிடமே ஒரு வேண்டுகோள். வீட்டோடு இருப்பவர்கள் காத்திருந்து வாங்கும் பக்கம் குறுக்கெழுத்துப் பக்கம். அதில் கட்டங்கள் பெரும்பாலும் விரல் நகத்தை விடச் சிறியவை. ஆங்கில எழுத்துக்கு அது போதும். 'கொ', 'தௌ', 'ணோ' என்று மூன்று உறுப்பாக விரியும் தமிழ் எழுத்துக்கு, அதுவும் நடுங்கும் கைக்கு, போதாது. கட்டம் ஒரு சென்ரிமீற்றருக்குக் குறையாமல், கேள்விகள் சாம்பல் பின்னணி இல்லாமல், பத்திரிகையை மடிக்கும் கோடு கட்டத்துக்குக் குறுக்கே போகாமல் அச்சிட்டுத் தர வேண்டும். விடைகளை அதே பக்கத்தில் போடாமல் அடுத்த வாரம் போடுங்கள். பொது நூலகங்களை நடத்தும் உள்ளூராட்சி மன்றங்களும், வீட்டை விட்டு வெளியே வர முடியாத அங்கத்தவரின் அட்டையில் வீட்டார் ஒருவர் நூல் எடுத்துச் செல்லவும், திருப்பிக் கொடுக்கக் கூடுதல் நாள் தரவும் இடம் கொடுக்கட்டும்.

இங்ஙனம்,
நீண்டகால நோயாளரின் வீட்டுப் பராமரிப்பில் ஈடுபட்டுள்ளோர்,
களுவாஞ்சிக்குடி.